மாடனுக்கு வைக்கிற உருண்டை

என் அண்ணன் தளவாய் அபின் தின்பதை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தபோது சுடலைமாடன் கொடைக்கு நாள் குறித்துவிட்டார்கள். 1964, சித்திரை மாதத்துக் கடைசி ஞாயிறு.

ஊரில் கொடை என்றால் வெள்ளிக்கிழமை, நள்ளிரவு. தாராவியில் அது நடக்காது. பாதிப் பேருக்கு மில்லில் ராத்திரி ஷிப்டு. மீதிப் பேர் விடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டும். ராத்திரியில் மேளம் அடித்தால் போலீஸ் வரும். அதனால் பம்பாய்க்கு வந்த மாடனுக்கு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில்தான் எல்லாம்.

அந்த மாடனுக்குக் கோமரத்தாடி என் அண்ணன். சாமியாடுகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா ஆடினார். அவர் செத்தபிறகு அண்ணனுக்கு வந்தது. கொடையன்று மாடனுக்கு ஆட்டுக்கறி, சோறு, அவித்த முட்டை, சாராயம், சுருட்டு எல்லாம் படைப்பார்கள். கூடவே வெற்றிலையில் வைத்து, கடலை அளவுக்கு ஒரு அபின் உருண்டை. அதைக் கோமரத்தாடியின் வாயால்தான் மாடன் தின்பார்.

அண்ணனுக்கு வேலை தோல் கிடங்கில். ஊறின தோலைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது, வலிக்காகத் தின்ன ஆரம்பித்தவன் விட முடியாமல் ஆகிவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

மூன்று தடவை விட்டான். முதல் தடவை இருபது நாள். இனி பயமில்லை என்று அவனைத் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். திரும்பி வந்தபோது சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை அவனைக் கெடுத்தவன் நான். நாலாம் நாள் வயிற்றுப்போக்கும் உடம்பு நடுக்கமுமாகச் சுருண்டு கிடந்தான். மில்லில் இருந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறுக்கவில்லை. நாக்கா என்கிற நாற்சந்திக்குப் போய் அபின் வாங்கிவந்து நானே அவன் வாயில் வைத்தேன். மதினி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

மூன்றாவது தடவை மதினி என்னை அறைக்குள் விடவே இல்லை. ஒன்பது நாள் அவளே இருந்தாள். மதினி பெயர் இசக்கி. கையெழுத்துப் போடத் தெரியாது. எதற்கும் பதறமாட்டாள்.

அதற்குப் பிறகு அவனை யாரும் தனியாக விடவில்லை. காலையில் ஷிப்டு முடிந்து வந்ததும் நான் அவனோடு கிடங்கு வரைக்கும் நடப்பேன். மத்தியானம் மதினி சோறு கொண்டுபோய், அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பாள். கிடங்குக்காரர் கரீம் பாட்சா அவனைத் தோல் சுமக்கவிடாமல் உப்புத் தடவுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார். அம்மா கற்பூரத்தை ஏற்றிச் சத்தியம் பண்ணச் சொன்னாள். அவன் மாட்டேன் என்றான்.

"சத்தியம் பண்ணுனா அதை முறிச்சா என்னன்னு தோணும்மா. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் திங்க மாட்டேன். நாளைக்கு உள்ளத நாளைக்குக் கேளு."

ஆசை வரும்போது மறைக்கமாட்டான். "கேக்குது" என்று சொல்லிவிடுவான். யாராவது பக்கத்தில் போய் உட்காருவோம். புத்தி சொல்வது கிடையாது. அவனே கணக்குப் பார்த்து வைத்திருந்தான். இருபது நிமிஷம் ஏறும், பிறகு இறங்கும். அந்த இருபது நிமிஷமும் கைக்கு வேலை வேண்டும். அம்மா கடைகளுக்கு முறுக்கு சுட்டுக் கொடுக்கிறவள். எண்ணெய்ப்பிசுக்குச் சட்டிகளை எல்லாம் அவன்தான் சாம்பல் போட்டுத் தேய்ப்பான். தேய்த்துத் தேய்த்து ஒரு சட்டி ஓட்டையே ஆகிவிட்டது.

அம்மா மட்டும் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைக் காதால் கேட்கவே அவளுக்குப் பிடிக்காது.

நயினார் அண்ணாச்சி வந்தது கொடைக்குப் பத்து நாள் முந்தி. நாக்காவில் மெஸ் நடத்துகிறவர், கோயில் கமிட்டிக்குத் தலைவர். உள்ளே வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மற்ற நாளில் அண்ணனைத் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறவர்தான். கொடை நெருங்கினால் அவன் கோமரத்தாடி.

"என்ன தளவாய், உடம்பு எப்படி இருக்கு? நாளையில இருந்து விரதம் புடிச்சிரணும். படைப்பெல்லாம் எப்பவும் போலத்தான்."

"உருண்டையும் உண்டா?" என்றாள் மதினி. அண்ணாச்சி அவள் பக்கம் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்.

"அது இல்லாம மாடன் எறங்க மாட்டாருல்லாக்கா. நான் என்னத்தச் செய்ய?"

"அண்ணாச்சி, அவிய அதை விட்டு ஏழு மாசம் ஆகுது."

"ஏ பிள்ளே, அவன் எங்க திங்கப்போறான். மாடன்லா திங்கப்போறாரு."

அம்மா தலையாட்டினாள். "ஆமா. சாமி திங்கது உடம்புல ஒட்டாது. இவிய அப்பா ஒரு முழு பாட்டிலக் குடிப்பாவ. சாமி மலையேறுனா வாயில வாடை கூட இருக்காது. நேரா வந்து வெத்தல போடுவாவ."

"ஒட்டுமா ஒட்டாதான்னு எம் புருசன் உடம்புல வச்சா பாப்பிய, அத்த?"

"வாய மூடுட்டி. மாடன் காதுல விழப்போவுது."

"விழட்டும். அவருக்கும் தெரியட்டும்."

அண்ணாச்சி எழுந்துவிட்டார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, இவன் ஆடாவிட்டால் கோமரம் வேறு குடும்பத்துக்குப் போய்விடும், பிறகு வருத்தப்படக் கூடாது என்றார். அது ஒரு மிரட்டல். அம்மாவுக்கு அது போதும். தாராவியில் எங்கள் குடும்பத்துக்கு இருந்தது அந்த ஒரு மரியாதைதான்.

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த நாலு நாள் அவன் சந்தோஷமாக இருந்தான். முகச்சவரம் செய்துகொண்டான். விரதச் சோற்றை ஒழுங்காகத் தின்றான். கிடங்குக்கு நடக்கும்போது என்னைச் சீண்டினான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மதினிக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை. நான் மில்லில் இருந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பில் சட்டியை வைத்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். அண்ணன் கிடங்குக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் மதினி. "நாலு நாளா கேக்குதுன்னு ஒரு வாட்டி கூடச் சொல்லலியே. நின்னு போச்சா, இல்ல ஞாயித்துக்கெழமைக்குக் காத்துக்கிட்டு இருக்கா?"

அவன் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தான். மேலே இருந்து கீழே வரைக்கும் போட்டுவிட்டு மறுபடி கீழே இருந்து அவிழ்க்க ஆரம்பித்தான்.

"காத்துக்கிட்டு இருக்கு," என்றான்.

அவன் அம்மாவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"யம்மா, எனக்கு மூணு வருசமா சாமி வரல."

அம்மா அச்சைப் பிழிந்துகொண்டே, "என்னல சொல்லுத?" என்றாள்.

"மொத ரெண்டு வருசம் வந்துச்சு. அது உண்மை. எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல, முழிச்சுப் பாத்தா ஈரத்துணியோட கெடப்பேன். மூணாவது வருசம் மேளம் அடிக்கான், அடிக்கான், ஒண்ணும் வரல. நான் நானாத்தான் நிக்கேன். எதுக்க அம்புட்டுப் பேரும் கும்புட்டுக்கிட்டு நிக்காவ. என்ன செய்ய? ஆடுனேன். அப்பா ஆடுனத எத்தனை வாட்டி பாத்திருக்கேன். உருண்டைய எடுத்து வாயில போட்டேன். அப்பத்தான் அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சுது. இடுப்பு வலியெல்லாம் பொறவு நானாச் சொன்னது."

அம்மாவின் கை நின்றுவிட்டது. சட்டியில் கிடந்த முறுக்கு கருகியது. மதினி கரண்டியை எடுத்து அதை அரித்துப் போட்டாள். அடுப்பில் இருந்து விறகை வெளியே இழுத்தாள்.

அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "உங்கப்பாவுக்கு வந்துச்சாலே?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்."

"போன வருசம் உங்கால்ல விழுந்தேன்," என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "எம் மவன் இந்தச் சனியன விடணும்னு வாக்குக் கேட்டேன். நெத்தியில துண்ணூறு பூசி, விட்டுருவான், நான் இருக்கேன்னு சொன்னே. அதுவும் நீதானா?"

"நான்தான். வாயில உருண்டை கெடந்துச்சு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையில் மாவு அச்சு இருந்தது, பித்தளை. அதைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் மோந்து கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. கிடங்குக்கு நேரமாகிறது என்று நானும் சொல்லவில்லை.

"விட்டுருவான்னு சொன்னது நீ," என்றாள் கடைசியில். "விட்டதும் நீ. மாடனுக்கு இதுல என்ன சோலி?"

சொல்லிவிட்டு விறகை உள்ளே தள்ளினாள். அன்று மத்தியானம் கிடங்குக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவளே போனாள். அந்த ஏழு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு நயினார் அண்ணாச்சி மெஸ்ஸுக்குப் போனாள். வெளியில் அவர் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, எம் மவன் ஆட மாட்டான். வேற ஆளப் பாத்துக்கோங்க."

"என்னக்கா, நோட்டீஸ் ஒட்டியாச்சு. விக்ரோலில இருந்தெல்லாம் ஆளு வாராவ. சரி, இப்படிச் செய்வோம். அபினுக்குப் பதிலா கருப்பட்டிய உருட்டி வச்சிருவோம். பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். யாருக்குத் தெரியப்போவுது?"

"அவனுக்குத் தெரியுமே."

"அவனுக்குத் தெரிஞ்சா என்ன?"

அம்மா சீவின காய்த்தோலைக் காலால் ஒதுக்கினாள். வீட்டில் நடந்ததை இங்கே போட்டு உடைத்துவிடுவாளோ என்று பயந்தேன். மூன்று வருஷம் வெறும் ஆளின் காலில் விழுந்தோம் என்று தெரிந்தால் அண்ணாச்சி அவனைத் தெருவில் நடக்க விடமாட்டார்.

"மாடன் அவன விட்டு எறங்கிட்டாரு," என்றாள். "அம்புட்டுதான்."

"எறங்குனா வேற எவன் மேல ஏறுவாரு?"

"அது அவரு பாடு. நீங்க காய நறுக்குங்க, கையில வெட்டிக்காதீங்க."

திரும்பி வரும்போது அவள் வேகமாக நடந்தாள். அழவில்லை. வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம், "எம் மவன் இந்த வருசம் ஆடல" என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். ஒருத்தர் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது போல.

ஆடாமல் இருந்தால் மட்டும் போதாது. கோயில் எங்கள் அறையில் இருந்து முப்பது அடி. மேளம் அடித்தால் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அதிரும். அந்த மேளத்துக்கும் உருண்டைக்கும் அவன் உடம்பில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது என்று மதினி சொன்னாள். அன்றைக்கு ஒரு நாள் மேளம் கேட்காத இடத்துக்குப் போய்விட வேண்டும். அம்பர்நாத்தில் எங்கள் தங்கச்சி கோமதி இருந்தாள். அவள் புருஷனுக்கு அங்கே ஒரு பாக்டரியில் வேலை.

"நீங்க மூணு பேரும் போங்க," என்றாள் அம்மா. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் கொடைக்கு நிக்காம இருந்தது இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் கிளம்பி சந்து முனைக்குப் போனபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா. கையில் பை.

"கொடைக்கு நிக்கலியா?" என்றான் அண்ணன்.

"செருப்பு தேஞ்சு கெடக்கு. கோயில் வரைக்கும் தாங்காது."

"அம்பர்நாத் வரைக்கும் தாங்குமா?"

"ரயிலுலதானலே போறோம்."

சயான் ஸ்டேஷனில் ஏறினோம். ஞாயிறானதால் உட்கார இடம் கிடைத்தது. குர்லா தாண்டியதும் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

"கேக்குது."

மதினி அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எதிரில் இருந்த அம்மா முன்னால் சாய்ந்து, "எப்படி இருக்கு, சொல்லு" என்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் அதைக் கேட்டதே இல்லை.

"பல்லெல்லாம் ஊறுதும்மா. முதுகுத்தண்டுக்குள்ள எறும்பு போற மாதிரி. இப்ப மணி என்ன, சாமி அலங்காரம் முடிஞ்சிருக்கும், வெத்தலையில உருண்டைய வச்சிருப்பாவ. அது எங்க இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். முட்டைக்கு இடது பக்கம்."

"பொறவு?"

"எறங்கித் திரும்பி ஓடணும்னு இருக்கு. அடுத்த ஸ்டேஷன்ல வண்டி நிக்கும்லா."

விக்ரோலியில் வண்டி நின்றது. கதவுப்பக்கம் நான் போய் நிற்கலாமா என்று நினைத்தேன். மதினி கண்ணாலேயே என்னை உட்கார வைத்தாள். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. அவன் கம்பியை விடவில்லை. வண்டி கிளம்பியது.

"பொறவு சொல்லு," என்றாள் அம்மா.

தாணா வரும்வரை அவன் சொல்லிக்கொண்டே வந்தான். பக்கத்தில் இருந்த மராட்டிக் கிழவர் ஒருவர், மொழி புரியாவிட்டாலும், ஏதோ வியாதிக்காரன் என்று நினைத்துத் தன் ஆரஞ்சில் இரண்டு சுளையைக் கொடுத்தார். தின்றான். டோம்பிவிலியில் தூங்கிப்போனான். வாயைத் திறந்துகொண்டு, அசிங்கமாக, கல்யாணில் கூட்டம் ஏறி மிதித்தும் எழுந்திருக்காமல்.

கோமதி வீட்டில் கறிக்குழம்பு. பன்னிரண்டு மணி ஆகும்போது எல்லோரும் தின்று முடித்திருந்தோம், அம்மாவைத் தவிர. அவள் இலையில் கை வைத்தாள், எடுத்தாள். எழுந்துபோய் வாசலில் நின்றாள். உள்ளே வந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள். அவள் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. அங்கே மேளமும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்து பாக்டரிப் புகைபோக்கிதான் தெரிந்தது.

"இப்பத்தான் உச்சிக்கொடை," என்றாள். "குலவை போடுவாளுவ. எனக்கு இங்கன இருக்க முடியல. நான் போவுதேன். யாராவது ஸ்டேஷன் வரைக்கும் வாங்க."

"இனி போனா முடிஞ்சிருக்குமேம்மா," என்றாள் கோமதி.

"முடிஞ்சாலும் பரவாயில்ல. அந்த மண்ணத் தொட்டாப் போதும்."

அண்ணன் எழுந்து வந்து அவளைப் பார்த்தான். நாங்கள் யாரும் காணாததை அவன் கண்டுகொண்டான்.

"யம்மா, உக்காரு."

"முடியலலே."

"தெரியும். உக்காரு. எங்க இருக்கு, நெஞ்சுலயா வயித்துலயா?"

"நெஞ்சுல. என்னமோ இழுக்க மாதிரி."

"ஏறும். ஏறி நிக்கும். பொறவு எறங்கிரும். எனக்கு இருவது நிமிசம். உனக்கு எம்புட்டுன்னு தெரியல, அம்பது வருசப் பழக்கம்லா. கையச் சும்மா வச்சிருக்கக் கூடாது." கோமதியைக் கூப்பிட்டான். "ரேஷன் அரிசி இருக்காட்டி? கல்லோட எடுத்துட்டு வா."

கோமதி முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா பொறுக்கினாள். அவனும் எதிரில் உட்கார்ந்து பொறுக்கினான். அவள் கை நடுங்கி, கல்லோடு அரிசியும் வெளியில் போனது. அவன் ஒன்றும் சொல்லாமல் அரிசியை எடுத்து உள்ளே போட்டான். அவன் கை நடுங்கவில்லை. அதை மதினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இப்படித்தான் தினமும் இருக்காலே?" என்றாள் அம்மா.

"மொதல்ல தினமும். இப்ப வாரத்துக்கு ரெண்டு வாட்டி, மூணு வாட்டி. இந்தப் பத்து நாளுதான் மோசம்."

"சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னேன். நீ மொகத்தத் திருப்பிக்கிட்ட."

அம்மா தலை நிமிரவில்லை. அரை முறம் ஆகும்போது அவள் மூச்சு சீரானது. "இப்ப அந்த உருண்டைய எவன் தின்னுருப்பான்?" என்றாள்.

"நயினார் அண்ணாச்சியே தின்னுருப்பாரு. நாளைக்கு மெஸ்ஸுல சாம்பாருக்கு உப்பு ரெண்டு வாட்டி விழும்."

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பசிக்குது என்று சோறு கேட்டாள்.

சயானில் திரும்பி இறங்கியபோது சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஸ்டேஷன் படி இறங்கும்போதே மேளம் கேட்டது. உச்சிப்பொழுதோடு முடிந்திருக்க வேண்டியது. யார் மேலும் சாமி இறங்காததால் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அண்ணன் நின்றான். வீட்டுக்கு நேர்வழி கோயில் முன்னால்தான் போகிறது. சுற்றிப்போனால் பைப்லைன் ஓரமாக, சாக்கடையைத் தாண்டி, அரைமணி நேரம் கூட ஆகும். நான் மில்லுக்குப் போகவேண்டும். அதை நான் சொல்லவில்லை. மதினியும் அம்மாவும் அவன் முகத்தைப் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"சுத்திப் போவோம்," என்றான். "இன்னைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்."

"அப்போ சோத்துக்கு லேட்டாவும்," என்றாள் மதினி.

"ஆவட்டும்."

அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பைப்லைன் பக்கம் திரும்பினாள்.